உடலை அறியும் கல்வி

மதுரை மாநகருக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில், திருவாதவூர் என்னும் பழம்பதி அமைந்துள்ளது. மணிவாசகப் பெருமான் தோன்றிய ஊர் என்று தமிழுலகம் இதனைப் போற்றும். சங்கப் புலவராகிய கபிலர் பிறந்த ஊரும் இதுவே என்று கூறுவர். இவ்வூரை அடுத்துள்ள ஓவாமலைக் குகையில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்விக்கும் கவிதைக்கும் பேர்பெற்ற இந்நிலப்பகுதி உடல் வலிமைக்கும் பேர்பெற்றதாகும். சடுகுடு ஆடுவதும், சிலம்பம் சுழற்றுவதும், இளவட்டக்கல் தூக்குவதும், பொங்கல் நாளில் மஞ்சுவிரட்டில் காளையை எதிர்நின்று அடக்குவதும் மேலூர், மதுரை வட்டாரத்து இளைஞர்க்குத் தொன்றுதொட்டு வந்த பழக்கங்கள். இந்நாளில் காவல் துறையிலும் படையிலும் சேர விரும்பும் இளைஞர் பலர், கிழக்கு வெளுக்கும் முன்னரே எழுந்து சாலையோரங்களில் ஓடிப் பழகுவதையும் இவ்வட்டாரத்தில் காணலாம்.

கல்வியும் உடல் வலிமையும் ஒரே மண்ணில் வளர்ந்தன. ஆயினும் அவை இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் என்றே நம்மவர் பலர் எண்ணி வந்தனர். படிக்கின்ற பிள்ளை விளையாட மாட்டான். விளையாடுகின்ற பிள்ளை படிக்க மாட்டான் என்பது ஊரார் வாய்மொழி. விளையாட்டைக் கல்லூரியில் ஒரு பாடமாகக் கற்கலாம் என்று சொன்னால், “ஓடுவதற்கும் குதிப்பதற்கும் படிப்பு எதற்கு?” என்று வியப்போடு வினவுவோர் இன்றும் உளர். இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஒரே ஊரைச் சேர்ந்த இளைஞர் இருவரை நினைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் காவலர் பணிக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள் ஓடிக் கடத்தல் வேண்டும். இருவரும் அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்கின்றனர். முதல்வன் முதல் நாளிலேயே தன் முழு வலிமையையும் காட்டி ஓடுகிறான். முந்நூறு மீட்டர் செல்வதற்குள் அவன் மார்பு பதைக்கிறது. கால்கள் கல்லாய்க் கனக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் ஓடிக் கீழே விழுகிறான். “எனக்கு ஓட்டம் வராது” என்று சில நாளில் அதனைக் கைவிடுகிறான். மற்றவன் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரை அடைந்து வழி கேட்கிறான். அவர் அவனை முதலில் மெதுவாக ஓடச் செய்கிறார். ஓடும்போதே பக்கத்தில் வருபவனோடு பேச முடிகின்ற அளவே விரைவு போதும் என்கிறார். வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டுகிறார். வாரத்தில் இருமுறை மட்டும் விரைந்து ஓடவும், இடையிடையே ஓய்வு கொள்ளவும் பணிக்கிறார். மூன்று திங்கள் கழிந்தபின் அவன் அத்தொலைவை எளிதில் கடக்கிறான். இருவர் உடலிலும் பிறவி வேற்றுமை பெரிதாக இல்லை எனக் கொண்டால், அவர்களிடையே நின்ற வேற்றுமை யாது? அஃது அறிவே ஆகும்.

அவ்வாசிரியர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே ஓர் அறிவியல் உண்டு. அதனைச் சற்று விளங்கக் காண்போம்.

நம் தசைகள் இயங்குவதற்கு எரிபொருள் வேண்டும். தசைக்குள் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும் எரிபொருள் மிகச் சிறிது. முழு விரைவில் ஓடினால் ஏறத்தாழப் பத்து நொடிக்குள் அது தீர்ந்துவிடும். அதன்பின் தசையானது தன்னிடம் சேர்த்து வைத்துள்ள சர்க்கரைப் பொருளைப் பிராணவாயுவின் துணையின்றியே விரைந்து சிதைத்து ஆற்றல் பெறும். இவ்வழி விரைவானது; ஆனால் நெடுநேரம் நீடிக்காது. மூன்றாவது வழி, மூச்சில் வரும் பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் மெல்ல எரிப்பதாகும். இது தொடங்கச் சிறிது நேரமாகும்; எனினும் பல மணி நேரம் தளராமல் நடைபெறும். 100 மீட்டர் ஓட்டம் பெரும்பாலும் முதல் வழியையும், 400 மீட்டர் ஓட்டம் இரண்டாம் வழியையும், 1500 மீட்டரும் அதற்கு மேற்பட்ட ஓட்டங்களும் மூன்றாம் வழியையும் மிகுதியாக நம்பியுள்ளன. நம் முதல் இளைஞன் மூன்றாம் வழியில் செல்ல வேண்டிய பயணத்தை முதல் இரு வழிகளிலேயே முடிக்க முயன்றான். ஆகவே முந்நூறு மீட்டரில் அவன் கைப்பொருள் முழுதும் செலவாகிவிட்டது.

இவ்வுண்மையை ஆராய்ந்தவர்களுள் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞர் தலைசிறந்தவர். அவரும் ஜெர்மானிய அறிஞராகிய ஆட்டோ மயர்ஹாஃபும் தசையின் இயக்கத்தை ஆராய்ந்து, 1922-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். ஹில் தாமும் ஓர் ஓட்டக்காரர். ஓடும் மனிதன் எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கிறான் என்பதை அளந்து அறிந்தவர் அவர். விரைந்து ஓடி நின்றபின்னும் நாம் நெடுநேரம் மூச்சு வாங்குகிறோம் அல்லவா? அதற்கு அவர் ‘பிராணவாயுக் கடன்’ என்று பெயரிட்டார். விதைக்கும் பருவத்தில் கையில் பணமில்லாத உழவன் கடன் வாங்கிப் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் அதனை அடைக்கிறான். அதுபோல உடலும், ஓடும்போது பிராணவாயு போதாமல் வாங்கிய கடனை, நின்றபின் மூச்சு வாங்கி அடைக்கிறது என்பது அவர் கருத்து. பிற்கால ஆராய்ச்சி இக்கருத்தைச் சில வகையில் திருத்தியுள்ளது. ஓடிய உடலின் வெப்ப மிகுதியும், இதயத்தின் விரைவும், நீங்காத மூச்சுக்குக் காரணங்கள் என்று இன்று அறிவோம். ஆயினும் அளந்து அறிதல் என்னும் நெறியை இத்துறையில் நிலைநாட்டியவர்களுள் ஹில் முன்னிற்கிறார்.

கற்றோர் சொன்னவையும் இவ்வாறு திருத்தம் பெறுவதே அறிவியலின் சிறப்பு. மற்றோர் எடுத்துக்காட்டும் காண்க. விரைந்து ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் ஒரு நஞ்சு என்றும், மறுநாள் கால் வலிப்பது அதனாலேயே என்றும் பல்லாண்டுகள் கருதி வந்தனர். அஃது உண்மையன்று. லாக்டிக் அமிலத்திலிருந்து தோன்றும் பொருளை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன என்பதை 1980-களில் ஜார்ஜ் புரூக்ஸ் முதலிய அறிஞர்கள் விளக்கினர். ஓடி நின்ற சில மணி நேரத்திற்குள் அது தசையை விட்டு நீங்கிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றும் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத இயக்கத்தால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே ஆகும். தசை சுமையைத் தாங்கியவாறு நீளும்போது இச்சிதைவு மிகும். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில் யானைமலையைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய மலையில் ஏறி இறங்கியவர் மறுநாள் தொடை வலியால் வருந்துவது, ஏறியதைக் காட்டிலும் இறங்கியதனாலேயே மிகுதியாகும். ஏறும்போது மூச்சு வாங்கியதை நினைத்து ஏற்றத்தின் மீது பழி போடுவது மக்கள் இயல்பு.

இனி இதயத்தைப் பற்றிச் சில சொற்கள். அமைதியாக அமர்ந்திருக்கும்போது ஒருவருடைய இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் குருதியை அது வெளியே தள்ளுகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்திற்கு 5 லிட்டர் அளவாகும். நெடுநாள் முறையாக ஓடிப் பழகியவரின் இதயம் ஒரு துடிப்பில் 100 மில்லி லிட்டர் தள்ளவல்லதாகிறது. ஆதலால் அதே 5 லிட்டருக்கு அதற்கு 50 துடிப்பே போதும். நிமிடத்திற்கு 20 துடிப்பு மிச்சம். ஒரு நாளுக்கு 28,800 துடிப்பு மிச்சம். கணக்குப் பாடத்தில் வெறும் பெருக்கலாகத் தோன்றுவது, உடற்கல்வியில் உயிரோடு தொடர்புடைய செய்தியாகிவிடுகிறது. இந்த வளர்ச்சி ஒரு நாளில் வருவதன்று; திங்கள் பல ஆகும். மெதுவாகத் தொடங்குக என்று ஆசிரியர் சொன்னதன் பொருள் இதுவே.

இக்கல்வி உயிரைக் காக்கும் கல்வி என்பதற்கு வெப்பத்தைப் பற்றிய அறிவு தக்க சான்றாகும். தசைகள் பெறும் ஆற்றலில் கால் பங்கிற்கு மேல் இயக்கமாக மாறுவதில்லை. எஞ்சிய முக்கால் பங்கும் வெப்பமாகிவிடுகிறது. அவ்வெப்பத்தை உடல் வியர்வையால் போக்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். உடலின் வெப்பமும் தணியாது. மதுரையின் சித்திரை வெயிலில் நண்பகலில் ஓடுவோர், நிழலில் வாழ்ந்து பழகியோராயின், பேரிடருக்கு உள்ளாவர். வெயிலுக்கு உடல் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை வேண்டும். அக்காலத்தில் பயிற்சியை நாள்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் திங்கள்களில் ஜார்க்கண்டு மாநிலத்தில் ஆயத் துறைக் காவலர் பணிக்கு உடற்திறன் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டர் ஓடுதல் வேண்டும் என்பது அதன் விதி. அத்தேர்வின்போதும் அதனைத் தொடர்ந்தும் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிர் துறந்தனர். காரணங்கள் பலவாகப் பேசப்பட்டன. ஒவ்வோர் இறப்பிலும் எது முதன்மையான காரணம் என்பதை ஆராய்வது மருத்துவர் கடமை. ஆனால் வேலை ஒன்றைப் பெற்றுக் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்னும் ஆசையோடு ஓடிய பிள்ளைகள் வீடு திரும்பவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது. போதிய பயிற்சி இல்லாத உடலும், கடுமையான வெயிலும், எப்படியும் முடித்தே தீர வேண்டும் என்னும் வேட்கையும் ஒன்றுகூடும் இடத்தில், உடலை அறிந்த ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். மயங்கி விழுந்தவன் உடல் தீயெனக் கொதித்தால், அவனை உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் குளிர்ந்த நீரைச் சொரிந்து, வெப்பத்தை விரைந்து தணித்தல் வேண்டும். மருத்துவரை அழைப்பதும் அக்கணமே நிகழ வேண்டும். நினைவிழந்தவன் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. நினைவோடு இருப்பவன் வேட்கைக்கேற்ப நீர் அருந்துவதைத் தடுத்தலும் ஆகாது. “ஓடுகின்றவன் தண்ணீர் குடித்தால் வலிமை போய்விடும்” என்னும் பழைய நம்பிக்கை தீங்கு விளைவிப்பது. இத்தகைய சிற்றறிவு ஒன்றே சில வேளைகளில் ஓர் உயிரைக் காத்துவிடும்.

மிகையாக ஓடுவோருக்கே இக்கல்வி என்று எண்ணற்க. ஓடாமலே இருப்போரையும் இது கருத்தில் கொள்கிறது. லண்டன் மாநகரில் ஓடிய இரண்டடுக்குப் பேருந்துகளில் பணி புரிந்தவர்களை ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் தம் துணைவரோடு ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ பயணச் சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் பல நூறு படிகள் ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே பேருந்தில், ஒரே தெருவில், ஒரே காற்றில் பணி செய்வோர். ஆயினும் மாரடைப்பு நோய் ஓட்டுநரிடையே மிகுந்தும், நடத்துநரிடையே குறைந்தும் காணப்பட்டது. இருந்த இடத்திலேயே இருத்தல் இதயத்திற்குக் கேடு என்பதை உலகிற்கு உணர்த்திய தொடக்க ஆராய்ச்சிகளுள் இதுவும் ஒன்று. ஏர் பிடித்தும், நீர் இறைத்தும், நடந்தும் வாழ்ந்த நம் முன்னோர்க்குத் தனியே உடற்பயிற்சி தேவைப்படவில்லை. இன்றோ சிற்றூரிலும் வண்டியும் பொறியும் வந்துவிட்டன. ஆதலால் உடலியக்கத்தை அறிந்து, முதியோர்க்கும் நோயாளிக்கும் அளவறிந்து பயிற்சி தரவல்லோர் நமக்கு மிகுதியாகத் தேவைப்படுகின்றனர்.

இக்கல்வி நம் நாட்டில் வேரூன்றிய வரலாறு தமிழகத்திற்குப் பெருமை தருவதாகும். அமெரிக்க நாட்டினராகிய ஹாரி குரோ பக் என்பார், இளைஞர் கிறித்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் வழியாக 1919-ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். 1920-ஆம் ஆண்டில் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு தொடங்கிய அப்பள்ளியே, சைதாப்பேட்டைக்கு அருகே நந்தனத்தில் விரிந்த திடல்களோடு இன்று விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாகும். ஆசியாக் கண்டத்தின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதனைக் கூறுவர். 1924-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவிற்குப் பக் மேலாளராகப் பணியாற்றினார். 1943-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அக்காலத்தில் பள்ளிகளில் இருந்த ‘டிரில் வாத்தியார்’ என்பவர் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவராய் இருந்தார். வரிசையாக நிற்கவும், கட்டளைக்கு ஏற்பக் கை கால்களை அசைக்கவும் அவர் பிள்ளைகளைப் பழக்கினார். பக் அவ்வளவில் நிறைவு கொள்ளவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் கற்றவராய், பிள்ளைகளின் மனத்தை அறிந்தவராய், பிற ஆசிரியர்க்கு ஒப்பானவராய் விளங்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையே விளையாட்டைக் கல்வியின் அரங்கிற்கு உயர்த்தியது.

அதன்பின் பல நிலையங்கள் தோன்றின. வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் அமைத்த கல்வி நிலையங்களுள் உடற்பயிற்சிக் கல்லூரியும் ஒன்று. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருட்டிண மடத்தினரின் வித்தியாலயம் மாருதி உடற்கல்விக் கல்லூரியை நடத்தி வருகின்றது. 1957-ஆம் ஆண்டில் குவாலியரில் இலட்சுமிபாய் கல்லூரியும், 1961-ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் பயிற்சியாளரை உருவாக்கும் தேசிய விளையாட்டு நிலையமும் நிறுவப்பெற்றன. 2005-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உடற்கல்வியியல், விளையாட்டுப் பல்கலைக்கழகம் என ஒரு தனிப் பல்கலைக்கழகமே தோன்றியது. சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் அது அமைந்துள்ளது.

இந்நிலையங்களில் கற்பிக்கப்பெறும் பாடங்கள் யாவை? எலும்பும் தசையும் நரம்பும் அமைந்துள்ள முறையைக் கூறுவது உடற்கூற்றியல். அவை இயங்கும் முறையைக் கூறுவது உடலியங்கியல். உடலை ஒரு பொறியாகக் கொண்டு, நெம்புகோல், விசை, ஈர்ப்பு மையம் ஆகியவற்றால் அதன் அசைவை விளக்குவது உயிர் இயக்கவியல். தோல்வியைத் தாங்கவும் அச்சத்தை வெல்லவும் துணை செய்வது விளையாட்டு உளவியல். எதனை, எப்பொழுது, எவ்வளவு உண்பது என்று கூறுவது உணவியல். இவற்றோடு காயங்களைத் தவிர்த்தலும், முதலுதவியும், பயிற்சியைத் திட்டமிடும் முறையும், திடல்களை அளந்து அமைத்தலும், யோகமும் கற்பிக்கப்பெறும். காலையிலும் மாலையிலும் திடலில் பயிற்சி உண்டு. பகலில் வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் உண்டு.

உயிர் இயக்கவியலுக்கு நம் ஊர்ப் பழக்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். இளவட்டக்கல்லைத் தூக்க வரும் இளைஞனைப் பெரியவர்கள் எவ்வாறு பழக்குவர்? காலை அகற்றி வை. முழங்காலை மடக்கிக் குனி. கல்லை உடலோடு அணைத்துக்கொள். பிறகு எழு என்பர். ஏற்றத்தில் நீர் இறைத்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏற்ற மரம் தாங்கி நிற்கும் இடத்திலிருந்து சுமை எவ்வளவுக்கெவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அதன் இழுப்பு மிகும். முதுகெலும்பும் அவ்வாறே. கல்லை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால், அதன் எடையைப் போலப் பன்மடங்கு சுமை இடுப்பு எலும்பின் மேல் விழும். பெரியவர்கள் பட்டறிவால் கண்டதை அறிவியல் காரணத்தோடு விளக்குகிறது. சிலம்ப ஆசான்களும் சடுகுடு ஆட்டக்காரரும் வழிவழியாகக் காத்து வந்த நுட்பங்கள் பல இன்னும் அளந்து ஆராயப்பெறாமல் உள்ளன. அவற்றை ஆராய்வோர் இவ்வட்டாரத்து மாணவராகவே இருத்தல் எவ்வளவு பொருத்தம்!

பட்டறிவும் படிப்பறிவும் கைகோத்தால் யாது விளையும் என்பதற்கு மதுரையின் அருகிலேயே ஒரு சான்று உண்டு. மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் ரேவதி வீரமணி. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியாரால் வளர்க்கப்பெற்றவர். காலணியும் இன்றி வெறுங்காலோடு போட்டிகளில் ஓடிய அச்சிறுமியின் திறத்தை, மதுரையில் பயிற்சியாளராக விளங்கிய கண்ணன் கண்டுகொண்டார். பெண்ணை ஓட்டத்திற்கு அனுப்பத் தயங்கிய பாட்டியாரிடம் பேசி, அவர் இசைவைப் பெற்றார். ரேவதி மதுரை டோக் பெருமாட்டி கல்லூரியில் பயின்றுகொண்டே பயிற்சி பெற்றார். முதலில் அவர் குறுகிய தொலைவுகளை விரைந்து ஓடுபவராக இருந்தார். 2019-ஆம் ஆண்டில் பாட்டியாலாவிலிருந்த தேசியப் பயிற்சி முகாமை அடைந்தபோது, அங்கே பயிற்சியாளராக இருந்த கலினா புகாரினா என்னும் அம்மையார், 400 மீட்டர் ஓட்டமே அவருக்கு ஏற்றது என்று அறிவுறுத்தினார். 2021-ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில், ஆடவரும் மகளிரும் சேர்ந்து ஓடும் 400 மீட்டர் தொடர் ஓட்டக் குழுவில் இந்தியாவின் சார்பில் ரேவதி ஓடினார்.

அக்குழு இறுதிச் சுற்றை அடையவில்லை. ஆயினும் சக்கிமங்கலத்து வயல்வெளியிலிருந்து தோக்கியோ வரை ஒரு பெண்ணை அழைத்துச் சென்ற ஆற்றலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கால்களின் விரைவு அவருடையது. விடாமுயற்சியும் அவருடையதே. அவ்விரைவைக் கூட்டத்தினிடையே கண்டறிந்த கண், அது எந்தத் தொலைவுக்கு ஏற்றது என்று தெளிந்த அறிவு, காயமின்றி அதனை வளர்த்த முறை ஆகியவை கற்றோர் அளித்த கொடை. அத்தகைய கண் ஒன்று இல்லாமையால் எத்தனை ஊர்களில் எத்தனை பிள்ளைகளின் திறம் ஒருவரும் அறியாமல் மறைந்திருக்கும்!

இத்துறையில் சேர விரும்பும் மாணவர் அறிய வேண்டியவை சில உள. இப்பொழுதுள்ள முறைப்படி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் உடற்கல்வி, விளையாட்டு ஆகியவற்றில் இளநிலைப் பட்ட வகுப்பில் சேரலாம். உடற்கல்வி ஆசிரியராவதற்குரிய பி.பி.எட். என்பது, ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் ஈராண்டு பயிலும் படிப்பாகும். அதன்மேல் எம்.பி.எட். ஈராண்டு. அதற்கு மேலும் ஆராய்ச்சிப் பட்டம் வரை செல்லலாம். சேரும்போது உடற்திறன் தேர்வும் இருக்கும். ஆகவே பள்ளிப் பருவத்திலேயே ஏதேனும் ஒரு விளையாட்டில் தேர்ச்சி பெற்றிருத்தல் நலம். அறிவியல் பாடத்தை வெறுத்தோர்க்கு இத்துறை எளிதன்று. உயிரியலும் இயற்பியலும் கணக்கும் இங்கே மறுபடியும் வந்து வாயிலில் நிற்கும். படிப்புக்குப் பயந்து விளையாட்டுக் கல்லூரியில் சேர்ந்தவன், ஆற்றுக்குப் பயந்து கடலில் இறங்கியவனை ஒப்பான்.

கற்று முடித்தோர் யாவரும் புகழ்பெற்ற வீரர்களைப் பயிற்றுவிப்போர் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலோர் பள்ளிகளில் ஆசிரியராய் அமைவர். சிலர் பயிற்சியாளராவர். சிலர் மருத்துவரோடு இணைந்து, காயமுற்றோரும் நோயுற்றோரும் மீண்டும் நடமாடத் துணை செய்வர். சிலர் ஆராய்ச்சியில் ஈடுபடுவர். வேலைக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரிடுவதும் உண்டு. இவற்றை மறைத்துக் கூறுதல் தகாது. ஆனால் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நல்ல உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் முப்பது ஆண்டு பணியாற்றினால், அவ்வூரின் ஒரு தலைமுறை முழுவதும் அவர் கைவழியே செல்லும். சோர்ந்த பிள்ளையை ஓடச் செய்வார். மிகையாக ஓடும் பிள்ளையை நிறுத்துவார். பருவமடைந்தபின் திடலை விட்டு ஒதுங்கும் பெண் பிள்ளைகளை மீண்டும் திடலுக்கு அழைப்பார். கால் ஊனமுற்ற பிள்ளைக்கும் ஏற்ற ஒரு விளையாட்டைக் கண்டு தருவார். பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இராது. ஊராரின் உடல்நலத்தில் இருக்கும்.

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சுவரின் இயல்பை அறியாமல் சித்திரம் எழுதப் புகுந்தால், சுவரும் கெடும், சித்திரமும் கெடும். மண்ணைப் பற்றி அறிய வேளாண்மைக் கல்லூரியும், மரத்தைப் பற்றி அறியக் காட்டியல் கல்லூரியும் நாட்டில் இருக்கின்றன. நாம் வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் இவ்வுடலின் உழைப்பையும் ஓய்வையும், அதன் எல்லையையும் வளர்ச்சியையும் அறிவதற்கு ஒரு கல்வி வேண்டாவோ?

மாணவர்களே! உங்களுள் சிலர் விரைந்து ஓடுவீர்கள். சிலர் மெல்ல ஓடுவீர்கள். விரைவு சிலருக்கே வாய்ப்பது. அறிவோ முயல்வோர் அனைவர்க்கும் உரியது. நாளை காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் விரலை வைத்து, ஒரு நிமிடத்தில் நாடி எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். நாள்தோறும் அளவறிந்து ஓடியோ நடந்தோ பழகி, மூன்று திங்கள் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேற்றுமையே இக்கல்வியின் முதற்பாடமாகும்.